துறைமுகத் தூசியை எதிர்த்து நின்றதில் கற்றுக்கொண்டவை

துறைமுக மதிலுக்குப் பக்கத்தில் குடியிருந்து, காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பை மாலையில் மறுபடி துடைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலக்கரி, இரும்புத் தாது, கிளிங்கர் (சிமென்ட் அரைக்கப் பயன்படும் சுட்ட கட்டி), உரம், கந்தகம், தானியம் என்று எந்தச் சரக்கு குவிந்திருந்தாலும் அடிப்படைப் பிரச்சினை ஒன்றுதான். எங்கள் பக்கம் பெரும்பாலும் நிலக்கரி, இடையிடையே கிளிங்கர்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தூசி தாங்க முடியவில்லை, நடவடிக்கை எடுங்கள்" என்று எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் "அளவு வரம்புக்குள் இருக்கிறது" என்ற ஒரே வரிதான் பதிலாக வரும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து, பெர்த்தில் (கப்பல் கட்டி நிற்கும் இடத்தில்) அப்போது எந்தக் கப்பல், அதில் என்ன சரக்கு என்று வரிசையாக எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபத்தை ஃபைலில் கோக்க முடியாது, தேதியும் நேரமும் உள்ள தாளைக் கோத்தாக வேண்டும்.

அந்த "வரம்புக்குள்" என்ற பதில் பொய் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். பல நேரம் அது பொய் இல்லை, கணக்கே அப்படி. காற்றில் மிதக்கும் நுண்துகளை 24 மணி நேர சராசரியாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு நாளில் 22 மணி நேரம் பிஎம் 10 (பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அகலமுள்ள துகள்) அளவு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் இருக்கிறது, மீதி இரண்டு மணி நேரம் 500-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் குழந்தைக்கு மூச்சு இழுக்கும், துணியெல்லாம் கறுத்துப்போகும். ஆனால் சராசரி போட்டால் 78 தான் வரும். தினசரி வரம்பு 100 என்று வைத்திருக்கும் இந்தியா போன்ற நாட்டில் அது தேறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதே 24 மணி நேர அளவு 45. அதனால் கூட்டத்துக்குப் போனால் "சராசரி வேண்டாம், மணிவாரி அளவைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். தானியங்கி நிலையம் என்றால் மணிவாரிப் பதிவு கட்டாயம் இருக்கும். அதைக் கேட்ட அன்றுதான் பேச்சின் தொனி மாறியது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஜன்னலில் விரலை இழுத்தால் ஒட்டுகிற தூள் பெரும்பாலும் பெரிய துகள், பிஎம் 10 கருவியின் கணக்கிலேயே வராதது. நுரையீரலின் அடி வரைக்கும் போகிற பிஎம் 2.5 (2.5 மைக்ரான் வரை உள்ள, இன்னும் நுண்ணிய துகள்) கண்ணுக்கே தெரியாது. அதனால் வீடு கறுப்பாக இருக்கும்போது கருவி நல்ல எண்ணைக் காட்டலாம், வீடு சுத்தமாகத் தெரியும் நாளில் காற்று மோசமாக இருக்கலாம். படிகிற தூசியை அளக்க வேறு முறை உண்டு. வாய் அகன்ற பாத்திரத்தைத் திறந்த இடத்தில் ஒரு மாதம் வைத்து, விழுந்ததை எடைபோடுவது. வீட்டில் படிவதுதான் உங்கள் புகார் என்றால் அந்த அளவீட்டைத்தான் கேட்க வேண்டும். இது தெரியாமல் போனால் அவர்கள் ஒன்றைப் பற்றிப் பேச, நாம் வேறொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

அப்புறம் காற்று. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், ஆனால் புகார் மனுவில் யாரும் எழுதுவதில்லை. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து கரைக்குக் காற்று அடிக்கும். அது துறைமுகத்தைத் தாண்டி நேரே ஊருக்குள் வரும். இரவில் நிலம் குளிர்ந்த பிறகு கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அதாவது ஒரே குவியல், ஒரே கிரேன், ஒரே வேலை, ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்குள் வருவது அதிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போய்விடுகிறது. எங்கள் பகுதிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி காலை பத்து மணிக்கு வந்தார். கடற்காற்று இன்னும் எழவில்லை, இலை அசையவில்லை. சரக்குக் குவிக்கும் யார்டில் அப்போதுதான் தண்ணீர் அடித்து முடித்திருந்தார்கள். பார்த்தார், படம் எடுத்தார், "பிரச்சினை தென்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியதில் தவறில்லை, அவர் வந்த நேரத்தில் உண்மையிலேயே எதுவும் தென்படவில்லை. அடுத்த முறை கடிதத்திலேயே "பிற்பகல் 2 முதல் 5 மணிக்குள், சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும் நாளில், முன்னறிவிப்பு இல்லாமல்" என்று கேட்டோம். இந்த ஒரு வரியை உங்கள் கடிதத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பதிவேடு எப்படி எழுதுவது? எங்களுடையது பள்ளிக்கூட நோட்டுதான். தேதி, நேரம், காற்றின் திசை, என்ன தெரிந்தது, உடம்புக்கு என்ன ஆனது, யார் பார்த்தது. திசைக்குக் கருவி எதுவும் வேண்டாம், மொட்டை மாடிக் கம்பியில் ஒரு துணி நாடாவைக் கட்டினால் போதும். தூசி இல்லாத நாளையும் எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். "ஒன்றுமே நடக்கவில்லை, எதை எழுதுவது" என்று கேட்டார்கள். தூசி வந்த நாளை மட்டும் எழுதினால் அது புகார்ப் பட்டியல். வராத நாளும் இருந்தால்தான் ஒப்பிட முடியும், கப்பல் இல்லாத நாளில் இருமலும் இல்லை என்று காட்ட முடியும். இரண்டு தெருவுக்குத் தள்ளி உள்ள ஒரு வீட்டிலும் தனியாக ஒருவர் எழுதினால் இன்னும் பலம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும்.

கப்பல் விவரம் கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் கிடைக்கும். எந்த பெர்த்தில் எந்தக் கப்பல், என்ன சரக்கு, எத்தனை டன் என்ற தினசரி நிலவரத்தைப் பல துறைமுகங்கள் தாங்களே இணையத்தில் போடுகின்றன. கப்பல் நகர்வைக் காட்டும் தளங்களில் கப்பலின் பெயரும் வந்து சேர்ந்த நேரமும் தெரியும். அதை அன்றன்றே எடுத்து நோட்டில் சேர்த்துவிடுங்கள், பிறகு தேடினால் பழைய பட்டியல் கிடைக்காமல் போகலாம்.

இப்படி நாள் பொருத்திப் பார்ப்பதால் என்ன ஆகும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு நான் எப்போதும் பார்சிலோனா கதையைச் சொல்வேன். அந்த நகரத்தில் 1981-க்கும் 1987-க்கும் இடையில் 26 நாட்களில் மட்டும் ஆஸ்துமா நோயாளிகள் திடீர் திடீரென்று கூட்டமாக மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். மற்ற நாட்களில் அப்படி இல்லை. எதனால் என்று வருடக்கணக்கில் பிடிபடவில்லை. கடைசியில் மருத்துவமனைப் பதிவுகளைத் துறைமுகப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது, நோயாளிகள் குவிந்த நாட்கள் சோயா மொச்சை இறக்கிய நாட்களோடு ஒத்துப்போயின. துறைமுகத்தில் இருந்த ஒரு சேமிப்புக் கலனில் தூசி பிடிக்கும் வடிகட்டி இல்லை. அதை மாட்டிய பிறகு அந்தத் திடீர்க் கூட்டம் நின்றுபோனது. சோயாவைத் தடை செய்யவில்லை, துறைமுகத்தை மூடவில்லை. வேலை செய்தது இரண்டு பதிவேடுகளும் ஒரு வடிகட்டியும்தான். நம்மிடம் மருத்துவமனைப் பதிவு இருக்காது. ஆனால் பக்கத்து மருத்துவரிடம் "இன்ஹேலர், நெபுலைசர் தேவைப்பட்டவர்கள் எந்தெந்த நாளில் அதிகம் வந்தார்கள் என்பதை, பெயர் இல்லாமல், எண்ணிக்கையாக மட்டும் சொல்ல முடியுமா" என்று கேட்கலாம். நாங்கள் கேட்டோம், சொன்னார்.

தூசி எங்கிருந்து கிளம்புகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குவியல்தான் கண்ணில் படும் என்பதால் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். துறைமுகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, குவியலை விடு. அந்த கிராப் வாய எங்க வச்சுத் திறக்கிறான் பாரு. ஹாப்பருக்கு மேல அவ்வளவு உசரத்துல திறந்தா பறக்காம என்ன செய்யும்? இறக்கி வச்சுத் திறக்கணும். நேரம் ஆகும்னு செய்ய மாட்டாங்க" என்றார். கிராப் என்பது கிரேனில் தொங்கிச் சரக்கை அள்ளும் இரும்பு வாய், ஹாப்பர் அதைக் கொட்டும் பெரிய புனல். அன்றுவரை நாங்கள் எழுதிய எந்த மனுவிலும் அது இல்லை. கொட்டுகிற உயரத்தைக் குறைப்பது செலவே இல்லாத வேலை, கிரேன் ஓட்டுபவருக்கு ஒரு உத்தரவும் கொஞ்சம் கூடுதல் நேரமும் போதும். அவர் இன்னும் சில இடங்களைச் சொன்னார். ஒரு கன்வேயரிலிருந்து இன்னொரு கன்வேயருக்குச் சரக்கு விழும் திருப்பம், லாரியில் ஏற்றும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக உள் சாலைகள். லாரிச் சக்கரத்தில் சிக்கி அரைபட்டு அரைபட்டு மாவாகிற தூள்தான் மிக நுண்ணியது, வாசலைத் தாண்டி ஊர்ச் சாலைக்கு வருவதும் அதுதான். துறைமுகத்தில் வேலை செய்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த அறிக்கையிலும் இருக்காது.

தீர்வு கேட்கும்போது சரக்கின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "தண்ணீர் தெளியுங்கள்" என்று கேட்டால் பாதிச் சரக்குக்கு அது பொருந்தாது. நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் தண்ணீர் உதவும், ஆனால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். காலையில் அடித்த தண்ணீர் பிற்பகல் காற்றுக்குத் தாங்காது. நீண்ட நாள் கிடக்கும் குவியல் என்றால் மேலே ஓடு போல இறுகிக்கொள்ளும் ரசாயனக் கரைசலைத் தெளிப்பார்கள். கிளிங்கரிலும் சிமென்ட்டிலும் தண்ணீர் பட்டால் சரக்கே கெட்டுவிடும், தானியமும் அப்படித்தான். அவற்றுக்கு மூடிய கொட்டகை, மூடிய கன்வேயர், உறிஞ்சும் விசிறியோடு கூடிய பை வடிகட்டிதான் வழி. காற்றுத் தடுப்பு வேலி கொஞ்சம் குறைக்கும், ஆனால் குவியல் வேலிக்கு மேல் வளர்ந்துவிட்டால் வேலி இருந்தும் பயனில்லை, அதனால் குவியலின் உயரத்துக்கு எழுத்தில் ஒரு வரம்பு கேளுங்கள். காற்று இன்ன வேகத்தைத் தாண்டினால் கையாளுவதை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உரிமத்திலேயே இருக்கும். உரிம நிபந்தனைகளின் நகலை வாங்கிப் படியுங்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். எங்கள் பகுதி உரிமத்தில் லாரி தார்ப்பாய், சக்கரம் கழுவும் தொட்டி, உள் சாலைக்குத் தினசரி சுத்தம் எல்லாமே ஏற்கெனவே எழுதியிருந்தது. புதிதாகக் கேட்க வேண்டியதே இல்லை, இருப்பதைச் செய்யச் சொன்னாலே பாதிப் பிரச்சினை குறையும் நிலைமை.

மாதிரி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளை ஓடு ஒன்றை மாடியில் வைத்து, வைத்த தேதியும் எடுத்த தேதியும் எழுதி, ஒரே கோணத்தில் படம் எடுத்து வந்தால் யாருக்கும் புரியும். அதற்கு மேல் அது ஆதாரம் ஆகாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில், ஈரம் படாமல், மென்மையான தூரிகையால் கூட்டி எடுத்து, மூடி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு ஆய்வகத்துக்குத் தர வேண்டும். செலவு ஆகும், ஆனால் சரக்கில் உலோகத் தாது இருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் துறைமுகம் வழியாக ஈயக் கார்பனேட் ஏற்றுமதி ஆனது. 2006 டிசம்பரிலிருந்து அங்கே பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. விசாரித்தபோது ஈயத் தூசி ஊருக்குள் பரவியிருந்தது தெரிந்தது, குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டி வந்தது. தூசியில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை (ஒரே தனிமத்தில் எடை வேறுபடும் அணுக்களின் விகிதம்) வைத்து அது எந்தச் சுரங்கத்துச் சரக்கு என்பது வரை நிறுவினார்கள். அதற்குப் பிறகு அந்த ஈயத்தை மூடிய பைகளில், கன்டெய்னருக்குள் வைத்து, வேறு துறைமுகம் வழியாக அனுப்பினார்கள். சிகாகோவின் தென்கிழக்குப் பகுதியில் 2013-ல் ஆற்றோரம் குவித்திருந்த பெட்கோக் (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) தூள் வீடுகளுக்குள் வந்து பெரிய போராட்டம் ஆனது. அதை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டாரத்துக் காற்றில் மாங்கனீசும் இருப்பது தெரிய வந்தது. நாம் ஒன்றைத் தேடும்போது பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம். அதனால் பரிசோதனையை ஒரு பொருளோடு நிறுத்திவிட வேண்டாம்.

காற்றில் உள்ள தூசியை அளக்க இப்போது மலிவாகக் கிடைக்கும் கையடக்க மானிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் கடலோரத்தில் கவனம் வேண்டும். அவை துகளில் பட்டு ஒளி சிதறுவதை வைத்து எண்ணுபவை. காற்றில் ஈரம் ஏறினால் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிவிடும், கரடுமுரடான பெரிய துகளைக் குறைத்துக் காட்டும். அதனால் அது காட்டும் எண்ணை எடுத்துக்கொண்டு வழக்குக்குப் போகாதீர்கள். எந்த மணியில் ஏறுகிறது, எந்த மணியில் இறங்குகிறது என்ற போக்கைப் பார்க்கத்தான் அது நல்லது. அந்தப் போக்கு உங்கள் நோட்டோடு ஒத்துப்போனால் அரசுக் கருவியை உங்கள் தெருவில் வைக்கச் சொல்லிக் கேட்க அது போதுமான காரணம்.

இந்த வேலையில் மிகக் கடினமானது அதிகாரிகளோ நிறுவனமோ இல்லை, தெருவுக்குள் இருக்கும் பிளவு. தூசி வரும் வீட்டில்தான் துறைமுகச் சம்பளமும் வரும். "துறைமுகத்தை மூடச் சொல்கிறார்கள்" என்று ஒரு பேச்சு கிளம்பியதும் எங்களோடு கையெழுத்துப் போட்டவர்களே பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். சுமை ஏற்றும் வேலையில் இருப்பவரின் மனைவி ஒருவர் நேராகவே கேட்டார்: "அண்ணா, உங்களுக்கு ஜன்னல் சுத்தமாகணும். எங்களுக்கு அடுப்பு எரியணும். ரெண்டும் ஆகுமா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த இயக்கமும் நகராது. அந்தத் தூசியை முதலில் மூச்சில் இழுப்பவர் அவருடைய கணவர்தான், அதுவும் எட்டு மணி நேரம், குவியலுக்குப் பக்கத்திலேயே நின்று. அதனால் எங்கள் கோரிக்கையின் முதல் வரியைத் தொழிலாளர்களுக்கான முகக்கவசமும் நுரையீரல் பரிசோதனையும் என்று வைத்தோம். "மூடு" என்று எங்கும் எழுதவில்லை, "மூடிக் கையாளு" என்றுதான் எழுதினோம். அதன் பிறகு விலகிப் போனவர்களில் பலர் திரும்ப வந்தார்கள், தொழிற்சங்கத்திலிருந்தும் ஆள் வந்தது.

சரக்கை வேறு ஊருக்கு மாற்று என்று கேட்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011-ல் நின்றது. ராயபுரம் பக்கத்து மக்களுக்கு அது பெரிய நிம்மதி, அவர்கள் நெடுங்காலம் பட்ட பாட்டுக்குக் கிடைத்த நியாயம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிலக்கரி போய்ச் சேர்ந்த எண்ணூரில் ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் சாம்பலும் இருந்தன. அங்கேயும் மனிதர்கள்தான் மூச்சு விடுகிறார்கள். எந்த ஊரில் இறக்கினாலும் மூடிய முறையில் இறக்கு என்று கேட்பதுதான் யாரையும் காவு கொடுக்காத கோரிக்கை.

இதெல்லாம் நடக்க வருடங்கள் ஆகும். அதுவரை வீட்டுக்குள் செய்ய வேண்டியது: உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அது படிந்ததை மறுபடி காற்றில் ஏற்றும். ஈரத் துணியால் துடையுங்கள். கடற்காற்று நேரத்தில் துறைமுகப் பக்க ஜன்னலைச் சாத்தி எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். தவழும் குழந்தை இருந்தால் தரையையும் விளையாட்டுப் பொருளையும் கழுவுவதில் சலிப்பு கூடாது. மொட்டை மாடியில் மழைநீர் பிடிப்பவர்கள் முதலில் விழும் நீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் கப்பல் பட்டியலைப் பார்த்து, இறக்கும் நாட்களில் பிற்பகல் வெளிவேலையைத் தள்ளிவைக்கலாம். துணி மாஸ்க் நுண்துகளைத் தடுக்காது, என்95 வகை வேண்டும்.

எங்கள் பகுதியில் இப்போதைய நிலை இது. கிராப் உயரம் குறைந்திருக்கிறது, பிற்பகலில் பலமான காற்று வீசினால் இறக்குவதை நிறுத்துகிறார்கள், லாரிகள் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போகின்றன. கிளிங்கருக்கு மூடிய கொட்டகை வந்துவிட்டது. நிலக்கரிக் குவியல் இன்னும் திறந்த வெளியில்தான், அதற்கான பேச்சு நடக்கிறது. கொட்டகை வந்த மகிழ்ச்சியில் நோட்டை மூடிவைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், நாங்கள் மூடவில்லை. அதனால்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. கொட்டகையின் லாரிக் கதவுகள் இரண்டும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கின்றன. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தூளோடு வெளியேறுகிறது. லாரி நுழைந்ததும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும், உள்ளே வடிகட்டியோடு கூடிய உறிஞ்சு விசிறியும் வேண்டும் என்று அடுத்த மனு தயாராகிறது. உங்கள் ஊரில் புதிதாகக் கொட்டகை கட்டுகிறார்கள் என்றால் கட்டும் முன்பே வரைபடத்தை வாங்கி, கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கடற்காற்று எந்தப் பக்கம் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.